கருடனைக் கூப்பிட்ட டிரோன்

டிரோன் பறக்கவிட இரண்டு பேர் வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படத்தில் ஒருவன் தனியாக மலை உச்சியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். அவனை நம்பாதீர்கள். ரிமோட் வைத்திருப்பவன் திரையைத்தான் பார்ப்பான். மேலே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் வானத்தைப் பார்ப்பதற்கென்றே இன்னோர் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். எனக்கு அந்த ஆள் என் மனைவி.

அவள் ஆசைப்பட்டு அந்த வேலைக்கு வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. வெகுகாலம் காத்திருந்து வந்தது. அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சண்டை இல்லை, கோபம் இல்லை. சாப்பாடு ஆச்சா, கேஸ் தீர்ந்துபோச்சு, வாஷிங் மெஷின் ஓடல, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வந்தார்கள். "அடுத்தது நல்லபடியா நிக்கும், பாரு" என்று சொல்லி, மீகூன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தவறவிட்ட பஸ்ஸைப் பற்றிப் பேசுவது போலத்தான் அந்த 'அடுத்தது' என் காதில் விழுந்தது. ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தித் திட்டவேண்டும் போல இருக்கும். திட்டவில்லை. கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

தொழிற்சாலையில் என்னோடு இருந்த சீன நண்பர் ஒருவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போகும்போது தன் பழைய டிரோனை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீட்டை விட்டு வெளியே போக எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஸ்கூடாய் பக்கம் விமான நிலையம் கிட்டே இருப்பதால் அங்கெல்லாம் ஏற்ற முடியாது. எங்கள் வீடு உலு திராமில், தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில். அதற்குப் பின்னால் மழைவெள்ளம் தேங்குவதற்காக வெட்டிய பெரிய குளம். குளத்தின் அந்தக் கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதற்கு அப்பால் முன்பு தோட்டத்துக் கோயிலாக இருந்த அம்மன் கோயில், அதையும் தாண்டி மிச்சமிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் போய் நின்று பறக்கவிடுவேன். முதல் வாரமே விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "சும்மா வந்து மேல பாத்துக்கிட்டு நில்லு, போதும்" என்றேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? அது அவளிடம் இல்லை. வந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே காரியத்தைச் செய்ய முடிந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

ஒருநாள், "ஏங்க, என்னமோ வருது" என்றாள். நான் தலையைத் தூக்கவில்லை. திரை ஒரு குலுங்கு குலுங்கி, குளமும் வானமும் தலைகீழாகப் போயின. நிமிர்ந்தபோது டிரோனுக்கு மேலே ஒரு செம்பருந்து. தலையும் கழுத்தும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். நம் ஆட்கள் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். அது மறுபடி காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. எப்படியோ தப்பித்து டிரோனைத் தரையில் இறக்கினேன். அவள், "அலமாக்! அதுக்கு அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டாள். டிரோனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

அன்று உட்கார்ந்து படித்தேன். கண்டதையும் படித்தேன். படித்ததன் சாரத்தை இங்கே சொல்கிறேன், யாருக்காவது பயன்பட்டால் நல்லது, எனக்குப் பயன்படவில்லை. பருந்து மேலிருந்துதான் தாக்கும். பயந்துபோய் டிரோனைச் சட்டென்று கீழே இறக்கினால் ஓடுகிற இரையைப் போலத் தெரியும். இன்னும் வேகமாக வரும். அதனால் நேரே மேலே ஏற்றவேண்டும். இயந்திரம் ஏறுகிற வேகத்துக்குப் பறவையால் நிமிர்ந்து ஏற முடியாது. ஏற்றிவிட்டு, அதன் எல்லையை விட்டு வந்த வழியே விலகிப் போய்விடவேண்டும். வட்டம் போட்டுச் சும்மா பார்த்தால் எச்சரிக்கை. கத்தினால் கோபம். காலை இறக்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். கூடு கட்டிவிட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. டிரோனின் விசிறி உடைந்தால் கடையில் வேறு கிடைக்கும். இறக்கை எந்தக் கடையிலும் கிடைக்காது.

தூங்குமூஞ்சி மரத்தில் இருந்த பருந்து ஜோடியின் எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள். நடைபாதையில் நான் இடித்த அதே விளக்குக் கம்பம் வரைக்கும் டிரோன் போனால் பறவைகள் கண்டுகொள்வதில்லை. அதற்கு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் மரத்திலிருந்து ஒன்று கிளம்பிவிடும். "கம்பத்தைத் தாண்டாதீங்க" என்பாள். தாண்டமாட்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் பேச்சை நான் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு அவை சுள்ளி தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தன. அன்றோடு டிரோனை ஏற்றுவதை நிறுத்தினோம். கையில் எடுத்துக்கொண்டு போவோம், ஆனால் பெட்டியைத் திறக்கமாட்டோம். ஒரு பைனாகுலர் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒன்று கூட்டில் உட்கார்ந்திருக்கும், ஒன்று குளத்திலிருந்து மீனைக் கவ்வி வரும். வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலை அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தல தெரியுதுங்க. வெள்ளையா, பஞ்சு மாதிரி." சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குஞ்சு வளர்ந்து கூட்டை விட்டுப் பறக்கவேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சம்பள உயர்வு கிடையாது என்றார்கள், சரி என்றேன். காரில் எவனோ கோடு போட்டுவிட்டுப் போனான், போகட்டும் என்றேன். அது மட்டும் பறந்துவிட்டால் எங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவளும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். வேலைக்குப் போகிற நாட்களிலும் காலையில் பல் தேய்த்த கையோடு பின்வாசலுக்குப் போய் மரத்தைப் பார்ப்பாள்.

கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. கோயில் தலைவர் என் அம்மாவுக்குச் சித்தி மகன், எனக்கு மாமா முறை. லாரி ஓட்டி ஓய்ந்தவர். நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் துக்கத்தில் 'அடுத்தது' பேசாமல், கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போன ஒரே ஆள் அவர். தட்டில் பழமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, நீ அந்த டிரோன ஏத்துனா கருடன் வருதுல்ல? நான் கோயில்லேருந்து பாத்திருக்கேன்."

"ஏத்துறத நிறுத்திட்டேன் மாமா."

"எங்களுக்காக ஒரு வாட்டி ஏத்துலா. கும்பத்துல தண்ணி ஊத்துற நேரத்துக்குக் கரெக்டா ஏத்துனியன்னா போதும். பூவும் தூவிடலாம், கருடனும் வந்துடும்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கலசத்தில் நீர் ஊற்றும்போது கருடன் வந்து வட்டமிட்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதற்காகத்தான் கூட்டம் முழுக்க வெயிலில் அண்ணாந்து நிற்கும். போன கும்பாபிஷேகத்தில் கருடன் வரவில்லை. அன்று மாமாதான் செயலாளர். அதற்குப் பிறகு கோயில் நிலத்தில் பாதி போனது, அரசமரத்தில் இடி விழுந்தது, நிர்வாகம் இரண்டாக உடைந்தது. எல்லாவற்றுக்கும் கருடன் வராததுதான் காரணம் என்று தாமான் முழுக்கப் பேச்சு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

பொறுமையாகத்தான் சொன்னேன். அது பக்தியில் வரவில்லை மாமா, கோபத்தில் வருகிறது. மரத்தில் குஞ்சு இருக்கிறது. டிரோனை வேறொரு பறவை என்று நினைத்து அடிக்க வருகிறது. விசிறி பட்டால் இறக்கை போய்விடும். அது போனால் குஞ்சும் போய்விடும்.

அவர் கோப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "கோவத்துல வருதா, அருள்ல வருதான்னு உனக்கு எப்படித் தெரியும்? அது உங்கிட்ட சொன்னுச்சா?"

முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள், "ஏத்துனாத்தான் என்ன?"

நான் திகைத்துப்போனேன். கம்பத்தைத் தாண்டாதே என்று சொன்னவள்! "உனக்குமா நான் சொல்லணும்?"

"சாமியா வர்றப்ப அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"அது சாமி இல்ல. பருந்து. தெனம் பாக்கறோம்ல, மீனைப் பிச்சுத் தின்னுது."

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்தவள் கழுவாமல் நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு ஒண்ணு கேக்கணும். மேல கருடன் சுத்துறப்ப கேட்டா கிடைக்கும்னு சொல்வாங்க. வேற யார்கிட்ட போயி நான் கேக்கறது?"

என்ன கேட்கப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

நான் மறுத்துவிட்டால் காரியம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஸ்கூடாயிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரை அமர்த்தியிருப்பதாகச் செய்தி வந்தது. என் டிரோனைவிடப் பெரியது அவருடையது. நம்பரை வாங்கிப் பேசி, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, ரோத்தி சானாய் வாங்கிக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒப்பித்தேன். தட்டின் மேல் கரண்டியைப் பிடித்து, பருந்து இப்படி வரும், நீங்கள் இப்படி ஏற்றவேண்டும் என்று காட்டினேன். நாற்பது வயது ஆள், மரியாதையானவர். "சரிண்ணே, புரியுது. பறவ வந்தா நேரா மேல ஏத்திட்டு அந்தாண்ட ரோட்டுப் பக்கம் போயிடறேன். எனக்கும் என் சாமான் முக்கியம்லாண்ணே" என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கும்பாபிஷேகத்தன்று தெரு முழுக்கக் கார். பந்தல் போதாமல் ஜனங்கள் குளத்து மேடு வரைக்கும் நின்றார்கள். குளுவாங்கிலிருந்து என் அக்கா குடும்பம் வருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் வரவில்லை. என் மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். குழந்தை போன பிறகு அவள் பட்டு கட்டிய முதல் நாள் அது. குருக்கள் தலையில் குடத்தோடு சாரத்தில் ஏறினார். நாதஸ்வரம், மேளம், மைக்கில் யாரோ ஒருவர் விடாமல் மந்திரத்தையும் கார் நம்பரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து டிரோன் எழும்பியது. அதாவது குளத்துப் பக்கம், மரத்துக்கு நேர் எதிரில். வேறு இடமே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை. வராதே, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய கூட்டத்தில் வராதே என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

"வருது" என்றாள் என் மனைவி.

குளக்கரையில் எனக்குச் சொல்லும் அதே குரல், அதே சொல். பழக்கத்தில் என் கட்டைவிரல்கள் அசைந்தன, கையில் ரிமோட் இல்லை. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கண் மூடியிருந்தது, உதடு ஏதோ முணுமுணுத்தது. பருந்து கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. "கருடன் வந்துட்டாரு! ஓம் சக்தி!" என்று கூட்டம் அலறியது. பக்கத்தில் நின்ற பெரிய ஆம்பிளைகள் எல்லாம் அழுதார்கள். பருந்து கத்தியது. அது கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

வீடியோக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டிரோன் நேரே மேலே ஏற ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது மாமா அவர் தோளைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. "ஏத்தாத, ஏத்தாத! வீடியோவுல கலசமும் கருடனும் ஒண்ணா விழணும்! அப்படியே நிறுத்து!" மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. டிரோன் நின்றது. கலசத்துக்கு நேர் மேலே ஆணி அடித்தது போல நின்றது.

பருந்து காலை இறக்கியது.

நான் ஓடினேன். "மேல ஏத்துங்க! மேல ஏத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முதலில் வழி விட்டார்கள். பிறகுதான் அவர்கள் ஏன் வழி விட்டார்கள் என்று புரிந்தது. யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். இன்னொருவர் கையைப் பிடித்தார். "அருள் வந்துருச்சு, விழாம புடிங்க!" ஒரு அம்மா என் நெற்றி நிறைய விபூதியை அப்பினார், கண்ணுக்குள்ளும் போனது. ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். நான் எவ்வளவு திமிறினேனோ அவ்வளவு பக்தியாகப் பிடித்தார்கள். "பருந்துக்கு அடிபடப் போவுது, விடுங்கய்யா" என்று கத்தினேன். "என்னம்மா சொல்ற தாயே, நல்லாச் சொல்லு" என்றது அந்த அம்மா, என்னிடம், கை கூப்பி.

எரிந்த கண்ணோடு பார்த்தேன். பருந்து விழுந்தது போல இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம், மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. டிரோன் ஒருமுறை தள்ளாடிவிட்டு நிலைத்து நின்றுகொண்டது. பருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டு, குளத்தின் ஓரமாகச் சரிந்து செம்பனைக் காட்டுக்குள் போனது. மறுபடி எழும்பவில்லை. அதே நேரத்தில் குருக்கள் கலசத்தில் நீரை ஊற்றினார். இறகுகள் மெதுவாகச் சுழன்று வந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. ஜனங்கள் அவற்றைப் பிடிக்க முண்டியடித்தார்கள். பிடித்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

என்னை விட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "வந்துட்டாருடா மாப்ளே, வந்துட்டாரு." அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் என்றுதான் போனேன். அந்த முகத்திலிருந்து பன்னிரண்டு வருடப் பாரம் இறங்கியிருந்தது. கையைக் கீழே போட்டேன்.

வேட்டியோடு செம்பனைக் காட்டுக்குள் போய்ச் சாயங்காலம் வரைக்கும் தேடினேன். முள்ளும் மட்டையும் சேறுமாக இருக்கும் இடம். உடும்பும் காட்டுப்பன்றியும் நடமாடும் இடம். கிடைக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். வீட்டுக்குப் போனால் அவள் சந்தோஷமாக இருப்பாளே, அதை எப்படிப் பார்ப்பது என்றும் ஒரு பயம்.

சந்தோஷமாகத்தான் இருந்தாள். முகம் கழுவி, விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு இறகை வைத்திருந்தாள். அவள் மேலேயே வந்து விழுந்ததாம். "நான் எட்டிக்கூடப் புடிக்கலங்க. தானா வந்து முந்தானையில விழுந்துச்சு." கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீடியோவைச் சாமிப்பாட்டுச் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, எங்கெங்கிருந்தோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா குளுவாங்கிலிருந்து, "நேர்ல பாத்தீங்களா? குடுத்து வெச்சவங்க" என்று அனுப்பியிருந்தாள். விபூதியோடு நான் ஆடும் ஒரு துண்டும் அதில் இருந்தது.

அவள் இறகை எடுத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, இதோட அடி ஏன் இப்படி இருக்கு?"

தானாக உதிரும் இறகின் அடிக்காம்பு கூராக, முழுசாக இருக்கும். குளக்கரையில் நாங்கள் அப்படி நிறையப் பொறுக்கியிருக்கிறோம், அவளுக்கும் தெரியும். இது பாதியில் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். கண்கூடாகத் தெரிவதை மறைத்துப் பேச எனக்கு அன்று சக்தி இல்லை.

"விசிறி வெட்டினது" என்றேன்.

அவள் அழவில்லை. இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் வைக்கப் போனவள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "காலையில குளத்துக்குப் போலாம்" என்றாள்.

போனோம். கூட்டில் குஞ்சு இருந்தது. தலையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது. பெரியது ஒன்றுதான் இருந்தது. ஒன்று காவலுக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு என்று இரண்டு பேராகச் செய்த வேலையை அது தனியாகச் செய்யப் பார்த்தது. மீனுக்குப் போனால் கூடு காலி. கூட்டில் இருந்தால் பட்டினி. காக்கைகளுக்கு அது நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. கோயில் அன்னதானத்து மிச்சத்துக்கு வந்த கூட்டம், பக்கத்துக் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

பருந்து குளத்துப் பக்கம் போனதும் ஒரு காக்கை கூட்டின் விளிம்பில் இறங்கியது. பருந்து திரும்பி வந்து துரத்தியது. மறுபடி போனது. இந்த முறை இரண்டு இறங்கின.

"டிரோன ஏத்துங்க" என்றாள். "காக்கா பயந்து ஓடிடும். ஏத்துங்க!"

பெட்டியைத் திறந்து டிரோனைப் புல்லில் வைத்தேன். விசிறிகள் சுற்றின. கட்டைவிரலை ரிமோட்டில் வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தேன். ஏற்றினால் காக்கைகள் கொஞ்ச நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் அந்தப் பருந்து காக்கையை விட்டுவிட்டு என் டிரோன் மேல் பாயும். நேற்று ஒன்றைப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

"என்னங்க பாக்கறீங்க? ஏத்துங்கன்னு சொல்றேன்ல!" அவள் என் கையைப் பிடித்து ரிமோட்டோடு உலுக்கினாள். வீட்டில் அவள் அப்படிக் குரல் உயர்த்தி மாதக்கணக்காகிறது.

நான் விசிறிகளை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் குஞ்சின் குரல் இன்னும் நன்றாகக் கேட்டது. இரண்டு பேரும் கத்தினோம், கையைத் தட்டினோம், குளத்துக்குக் குறுக்கே கல்லை எறிந்தோம். பாதிக் குளம்கூடத் தாண்டவில்லை. கரையைச் சுற்றி ஓடினேன். கோயில் பக்கம் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு காக்கை எதையோ தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது, மற்றவை அதன் பின்னால் போயின. மேலேயிருந்து சத்தம் வரவில்லை.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பருந்து காலில் ஒரு மீனோடு கூட்டின் விளிம்பில் வந்து நின்றது. மீனைக் கீழே வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. நாங்கள் பைனாகுலரைத் தொடவில்லை. வெறும் கண்ணுக்கே எல்லாம் தெரிந்தது.

கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பேசினாள். "நான் நேத்து அது வரணும் வரணும்னு வேண்டிக்கிட்டேன். நான் வேண்டலன்னாலும் வந்திருக்கும், இல்ல?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் ஒரு கெஞ்சல் இருந்தது. எப்படியாவது அவளை அதிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. கூட்டைப் பார்த்துக்கொண்டே அவசரமாகச் சொன்னேன்.

"வந்திருக்கும்லா. நீ வேண்டினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது புள்ளையக் காப்பாத்த வந்துச்சு. தாயின்னு ஒருத்தி இருந்தா எப்படியாச்சும் காப்பாத்தத்தானே பாப்பா."

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.